8 விநாடிகளில் ஜெயித்தவர், அடுத்த சில நொடிகளில் உயிரிழந்தார்: யார் இந்த லேன் ஃப்ராஸ்ட்?

1989 ஜூலை 30. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள ஷையான் நகரம். புகழ்பெற்ற ‘ஃப்ரான்டியர் டேஸ்’ ரோடியோ திருவிழாவின் கடைசி நாள். மழையில் களம் முழுக்கச் சேறு. 25 வயது லேன் ஃப்ராஸ்ட், துள்ளும் காளையின் முதுகில் 8 விநாடிகள் தாக்குப்பிடித்துவிட்டார். கிடைத்த மதிப்பெண் 85. நல்ல ஸ்கோர். வேலை முடிந்தது, இனி இறங்கி நடந்து போக வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சில நொடிகளில்தான் அவர் உயிர் போனது.

காளைச் சவாரி உலகம் இன்றுவரை மறக்காத பெயர் இது. அவர் ஜெயித்த பட்டம் மட்டும் அதற்குக் காரணமில்லை. அவர் இறந்த விதம், அந்த விளையாட்டில் வீரர்கள் உடம்பில் என்ன போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள் என்பதையே மாற்றிவிட்டது.

8 விநாடி கணக்கு என்ன?

விதி ரொம்ப சிம்பிள். இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் காளையின் மார்பைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். வீரர் கையுறை போட்ட ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கதவு திறந்து காளை வெளியே பாய்ந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். இன்னொரு கை காற்றில்தான் இருக்க வேண்டும். அது காளை மீதோ தன் உடம்பு மீதோ பட்டால் அவுட். 8 விநாடிக்கு முன்பே விழுந்தால் மதிப்பெண் பூஜ்யம்.

தாக்குப்பிடித்தால் 100க்கு மதிப்பெண். அதில் 50 வீரருக்கு, 50 காளைக்கு. ஆமாம், காளைக்கும் மார்க் உண்டு. காளை எவ்வளவு முரட்டுத்தனமாகத் துள்ளிச் சுழல்கிறதோ, அவ்வளவு நல்ல ஸ்கோர் கிடைக்கும். அதனால் சாதுவான காளை கிடைத்தால் வீரருக்கு நஷ்டம்தான்.

இதில் பொதுவாகச் சம்பளம் கிடையாது. கைக்காசு போட்டு நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். பரிசு வரிசையில் இடம்பிடித்தால்தான் வருமானம். அதனால் அடி பட்டாலும் கட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பால் பண்ணையில் தொடங்கிய சவாரி

லேன் பிறந்தது 1963 அக்டோபர் 12, கொலராடோ மாநிலத்தின் லா ஹன்டாவில். அப்பா கிளைட் ஃப்ராஸ்டும் ரோடியோ வீரர். துள்ளும் குதிரைகளில் சவாரி செய்தவர். யூட்டா மாநிலத்தில் லபாயின்ட் என்ற சிற்றூரில் அவர்களுக்குப் பால் பண்ணை இருந்தது. அங்கிருந்த கன்றுக்குட்டிகள்தான் சிறுவன் லேனின் முதல் ‘காளைகள்’.

1978ல் குடும்பம் ஓக்லஹோமாவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கேதான் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். பெயர் ஃப்ரெக்கிள்ஸ் பிரவுன். 1962ல் தன் 41வது வயதில் உலக சாம்பியன் ஆனவர். 1967ல், அதுவரை யாராலும் சவாரி செய்ய முடியாத ‘டொர்னாடோ’ என்ற காளையை 46 வயதில் வென்று காட்டியவர். அந்த மனிதரிடமிருந்து லேன் பாடம் கற்றார்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1981ல் தேசிய அளவிலான பள்ளி மாணவர் போட்டியில் காளைச் சவாரி சாம்பியன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் முழுநேரத் தொழில்முறை வீரர். 1985ல் கெல்லி கைல் என்பவருடன் திருமணம். டஃப் ஹெடமன், கோடி லாம்பர்ட், ஜிம் ஷார்ப் ஆகிய நண்பர்களோடு ஊர் ஊராகப் பயணம். களத்தில் போட்டியாளர்கள், வெளியே உயிர்த் தோழர்கள்.

1987 மார்ச்சில் குரு பிரவுன் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் லேன் உலக சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 24. பார்க்க வேண்டியவர்தான் பார்க்க இல்லை.

309 முறை தோற்காத காளை

குரு டொர்னாடோவை வென்ற மாதிரி சிஷ்யனுக்கும் ஒரு காளை காத்திருந்தது. பெயர் ‘ரெட் ராக்’. 1983 முதல் 1987 வரையிலான தொழில்முறைப் போட்டிகளில் 309 முறை அதன் மீது வீரர்கள் ஏறினார்கள். ஒருவர்கூட 8 விநாடியைத் தொடவில்லை. 1987ல் தோல்வியே இல்லாமல் ரெட் ராக் ஓய்வுபெற்றது.

உலக சாம்பியன் ஒருபக்கம், தோற்காத காளை இன்னொரு பக்கம். இருவரையும் மோதவிட்டால் என்ன? காளையின் உரிமையாளர்களில் ஒருவரான ஜான் க்ரௌனி களத்தில் இறங்கினார். ஓய்விலிருந்த ரெட் ராக் திரும்ப வந்தது. 1988ல் வெவ்வேறு ஊர்களில் ஏழு மோதல்கள் நடந்தன.

தொடக்கத்தில் ரெட் ராக் தன் பழைய கணக்கைத்தான் காட்டியது. லேன் கீழே விழுந்தார். ஆனால், விழுந்த ஒவ்வொரு முறையும் காளையின் அசைவைப் படித்தார். அந்த ஆண்டு மே மாதம் கலிபோர்னியாவின் ரெட்டிங் நகரில் 8 விநாடி முடிந்து மணி அடித்தபோது, லேன் இன்னமும் ரெட் ராக்கின் முதுகில் இருந்தார். ஏழு மோதல்களின் முடிவில் கணக்கு: லேன் 4, ரெட் ராக் 3.

ஷையானில் நடந்தது என்ன?

கடிகாரம் நின்றால் வீரருக்குப் போட்டி முடிந்துவிடும். காளைக்கு அது தெரியாது. கயிற்றில் இறுகிய கையை விடுவித்து, இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும் காளையிலிருந்து குதிக்க வேண்டும். விழுந்த உடனே எழுந்து ஓட வேண்டும். காளையின் கவனத்தைத் திருப்ப ‘புல்ஃபைட்டர்கள்’ எனப்படும் பாதுகாப்பு வீரர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். அப்படியும் எல்லா நேரமும் தடுத்துவிட முடியாது.

அன்று லேன் ஏறிய காளையின் பெயர் ‘டேக்கிங் கேர் ஆஃப் பிசினஸ்’. 8 விநாடி முடிந்து குதித்தவர் சேற்றில் விழுந்தார். எழுவதற்குள் காளை திரும்பி வந்து கொம்பால் அவர் முதுகில் மோதியது. கொம்பு உடலுக்குள் இறங்கவில்லை. ஆனால், விலா எலும்புகள் உடைந்தன.

லேன் எழுந்து நின்றார். உதவி கேட்டுக் கையசைத்தார். ஓரிரு அடிகள், அவ்வளவுதான், சரிந்து விழுந்தார். உடைந்த எலும்பு உள்ளே முக்கிய ரத்தக்குழாயை அறுத்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அந்த 85 மதிப்பெண்ணுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது, வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

ஓக்லஹோமாவின் ஹ்யூகோ நகரில், குரு பிரவுனின் கல்லறைக்கு அருகிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

நண்பர்கள் என்ன செய்தார்கள்?

அந்த ஆண்டு டிசம்பரில் லாஸ் வேகாஸில் தேசிய இறுதிப் போட்டி. டஃப் ஹெடமன் ஒரு காளையில் 8 விநாடியை முடித்தார், ஆனால் இறங்கவில்லை. தன் நண்பனுக்காக இன்னொரு 8 விநாடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டின் உலக சாம்பியனும் அவர்தான்.

கோடி லாம்பர்ட் வேறு வழியில் யோசித்தார். குதிரைப் பந்தய ஜாக்கிகள் போடும் பாதுகாப்பு அங்கியைப் பார்த்து, காளையின் கொம்பையும் குளம்பையும் தாங்கும் விதமாக 1990களின் தொடக்கத்தில் ஒரு மார்புக் கவசத்தை வடிவமைத்தார். அதுவரை சட்டையோடு இறங்குவதுதான் வழக்கம். 1992ல் சக வீரர்களோடு சேர்ந்து லாம்பர்டும் ஹெடமனும் தொடங்கிய ‘பிபிஆர்’ அமைப்பின் போட்டிகளில், இன்று கவசம் கட்டாயம்.

கவசம் வந்ததால் ஆபத்து போய்விட்டதா? இல்லை. 2019ல் டென்வர் நகரில் 25 வயது வீரர் ஒருவர், கவசம் அணிந்திருந்தும் காளை மார்பில் மிதித்ததில் உயிரிழந்தார். சுமார் 700 கிலோ எடையை எந்தக் கவசமும் முழுசாகத் தாங்காது. ஆனால், விலா எலும்பு உடையும் அடி, வெறும் வலியோடு போய்விடும் வாய்ப்பை அது கூட்டியிருக்கிறது.

இன்று லேன் எங்கே இருக்கிறார்?

1990ல் தொழில்முறை ரோடியோவின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவம் லேனுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ரெட் ராக் காளைக்கும் கிடைத்தது. 1994ல் அவர் வாழ்க்கை ‘8 செகண்ட்ஸ்’ என்ற ஹாலிவுட் படமானது. லேனாக நடித்தவர் லூக் பெர்ரி. ஷையானில் அவருக்கு வெண்கலச் சிலையும் இருக்கிறது.

ஆனால், அவருக்கான உண்மையான நினைவுச்சின்னம் இன்னொன்று. ஒவ்வொரு ரோடியோவிலும் கூண்டுக் கதவு திறப்பதற்கு முன்னால், இளம் வீரர்கள் சட்டைக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்களே, அந்தக் கவசம்தான்.