100 பக்கமா, 1,000 பக்கமா? சி.சு.செல்லப்பா வாழ்க்கையில் இருக்கு பதில்!

புது வீடியோ கேம் ஒன்று வந்தால் பலரும் முதலில் கேட்பது, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைத்தான். இவ்வளவு காசு கொடுக்கிறோம், 100 மணி நேரமாவது விளையாட வேண்டாமா என்கிறது ஒரு தரப்பு. 2007-ல் வந்த 'போர்ட்டல்' மூணு, நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதை இன்னைக்கும் கொண்டாடுறாங்களே என்கிறது இன்னொரு தரப்பு.

இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நின்று பார்த்த ஒரு தமிழ் எழுத்தாளர் உண்டு: சி.சு.செல்லப்பா.

யார் இவர்?

பெயரில் உள்ள 'சி', சின்னமனூர். போடி பக்கம் சிலமலையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அது அப்பா ஊர். செல்லப்பா பிறந்தது 1912-ல். காந்தி வழியில் போராடி 1941-ல் சிறைக்குப் போனார். 'மணிக்கொடி'யில் சிறுகதைகள் எழுதிப் பேர் வாங்கினார்.

1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். கைக்காசைப் போட்டு 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். தமிழில் புதுக்கவிதை வேர்பிடித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. புத்தகம் விற்கவில்லையா? மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அவரே போனார்.

சின்ன நாவல்

அதே 1959-ல் புத்தகமாக வந்ததுதான் 'வாடிவாசல்'. 100 பக்கத்துக்குள் முடிந்துவிடும். அப்பாவைக் குத்திக் கொன்ற காரி காளையை அடக்க வருகிறான் பிச்சி. கூடவே மச்சான் மருதன். காளை ஜமீன்தாருடையது. அவ்வளவுதான் கதை. முடிவை இங்கே சொல்லப்போவதில்லை!

நடப்பது ஒரே நாள், ஒரே களம். பிச்சியின் ஊர், குடும்பம், பழைய கதை எல்லாம் காளைக்காகக் காத்திருக்கும் நேரத்துப் பேச்சிலேயே வந்துவிடும். அய்யம்பட்டியிலோ பல்லவராயன்பட்டியிலோ ஜல்லிக்கட்டு பார்த்தவர்களுக்கு இது புரியும். காத்திருப்புதான் அதிகம், காளை வெளியே பாய்ந்த பிறகு எல்லாமே சில நொடிதான். நாவலும் அதே கணக்கில் ஓடுகிறது. இதை 500 பக்கமாக இழுத்திருந்தால் அந்தப் படபடப்பே போயிருக்கும்.

பெரிய நாவல்

வாழ்க்கையின் கடைசியில் அவர் செய்தது நேர்மாறான வேலை. 'சுதந்திர தாகம்', மூன்று பாகம், ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். 80 வயதைக் கடந்த நிலையில், தானே முயன்று 1997-ல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் காலமானார். அந்த நாவலுக்கு 2001-ல் சாகித்ய அகாடமி விருது வந்தபோது வாங்க அவர் இல்லை.

விடுதலைப் போராட்டம் ஒரு நாள் கூத்து இல்லை. கூட்டம், மறியல், கைது, சிறை, மறுபடியும் காத்திருப்பு என வருஷக்கணக்கில் நடந்தது. பெரிய தலைவர்கள் பெயர் வரலாற்றில் நிற்கும். சின்ன ஊர்களிலிருந்து ஜெயிலுக்குப் போன சாதாரண ஆட்களை யார் எழுதுவது? அதற்குத்தான் அவருக்கு அத்தனை பக்கம் தேவைப்பட்டது.

அப்போ எது சிறந்தது?

விருது வாங்கியது பெரிய நாவல். வாசகர்களிடம் அதிகம் போனது சின்ன நாவல். 'வாடிவாசல்' ஆங்கிலத்துக்குப் போனது, 2023-ல் கிராஃபிக் நாவலாகவும் வந்தது, வெற்றிமாறன் - சூர்யா கூட்டணியின் சினிமா அறிவிப்பு வரை பேசப்படுகிறது. 'சுதந்திர தாக'த்தை எடுத்துப் படிக்க நேரமும் பொறுமையும் வேணும். நீளத்துக்கு இப்படி ஒரு விலை உண்டு. செல்லப்பா அதைத் தெரிந்தே கொடுத்தார்.

விமர்சகராக அவர் வற்புறுத்தியது, ஒரு படைப்பை வரி வரியாக அலசிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வதை. கேமுக்கும் அதே அளவுகோலை வைக்கலாம். 100 மணி நேரத்தில் ஒவ்வொரு மணியும் புதுசா ஏதாவது தருதா, இல்லை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்குதா? நாலு மணி நேரத்தில் முடிகிற கேம், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டதா, பாதியில் விட்டதா?

ஒரு மதியத்துக்கு 100 பக்கம், ஒரு தலைமுறையின் போராட்டத்துக்கு 1,000 பக்கம். விஷயம் எவ்வளவு கேட்குதோ அவ்வளவு கொடுத்தார் செல்லப்பா. அடுத்த கேம் வாங்கும்போது மணிக்கணக்கோடு இதையும் சேர்த்துப் பாருங்க.