ஒரு கணக்கரின் புதன்கிழமைகள்

சார்லஸ் லாம்ப் என்ற பெயரை அறியாதார் நம் கல்லூரியில் இரார். 'எலியா' என்னும் புனைபெயரில் அவர் வரைந்த கட்டுரைகளுள் ஒன்றேனும் பாடநூலில் நம்மை எதிர்கொண்டிருக்கும். பன்றிக்குட்டி வறுவலைப் பற்றி அத்தனை சுவையாக எழுதியவர், கவலை என்பதையே காணாத சுகவாசியாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நானும் எண்ணியதுண்டு. அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்த பின்னர் அந்த எண்ணம் அடியோடு மாறிற்று.

லாம்ப் 1775ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் இலண்டன் மாநகரில், வழக்கறிஞர்கள் வாழும் 'இன்னர் டெம்பிள்' வளாகத்தில் பிறந்தார். தந்தை அங்கே சாமுவேல் சால்ட் என்னும் பெரியவருக்கு எழுத்தராகவும் பணியாளராகவும் இருந்தவர். ஏழைப் பிள்ளைகளுக்கென அமைந்த 'கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்' பள்ளியில் ஏழாண்டுக் கல்வி. கவிஞர் கோல்ரிட்ஜ் அங்கே கிடைத்த நண்பர். அந்த நட்பு சாகும்வரை நீடித்தது. கோல்ரிட்ஜ் பல்கலைக்கழகம் புகுந்தார். லாம்புக்கோ திக்குவாய். பல்கலைக்கழக உதவித்தொகை பெறுவோர் பின்னர் சமயப் பணியில் சேர்வதே வழக்கம். நா தடுமாறுபவர் பிரசங்கம் செய்வதெப்படி? ஆகவே பதினான்கு வயதில் படிப்பு முடிந்தது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார்.

ஆம், நம் நாட்டை ஆண்ட அதே கம்பெனிதான். அவுரியும் துணியும் தேயிலையும் விற்ற கணக்கை லெடன்ஹால் தெருவில் நாள்தோறும் பேரேட்டில் ஏற்றியவர் இந்த மென்மையான எழுத்தாளர். அந்தச் செல்வம் எவ்வாறு திரண்டதென நமக்குத் தெரியும். அதை அவர் எழுத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

1795ஆம் ஆண்டின் இறுதியில் லாம்புக்கே மனம் பேதலித்தது. ஆக்ஸ்டன் என்னுமிடத்து மனநோய் விடுதியில் ஆறு வாரம் இருந்து மீண்டார். அடுத்த இடி அதனினும் பெரிது. தமக்கை மேரி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவர். படுக்கையிலிருந்த தாயை இரவும் பகலும் கவனித்தவர். 1796 செப்டம்பர் 22ஆம் நாள், உணவு மேசை இடப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், மேரியின் அறிவு முற்றிலும் கலங்கியது. மேசைக் கத்தியால் தாயைக் குத்திவிட்டார். தந்தைக்கும் காயம். ஓடிவந்து கத்தியைப் பறித்தவர் சார்லஸ். தாயின் உயிர் போய்விட்டது.

விசாரணையில் பித்துநிலையில் நிகழ்ந்தது எனத் தீர்ப்பாயிற்று. மேரியை வாழ்நாள் முழுதும் விடுதியிலேயே விட்டுவிடலாம் என்பது அண்ணன் ஜானின் கருத்து. சார்லஸ் இசையவில்லை. தமக்கையைத் தாமே ஆயுள் முழுதும் காப்பதாக அதிகாரிகளிடம் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று! நம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் தம்மை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கட்டும். 1799இல் தந்தையும் மறைந்தபின் மேரி வீடு திரும்பினார். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். லாம்ப் மணந்துகொள்ளவேயில்லை.

மேரியின் நோய் முற்றும் நீங்கவுமில்லை. பல திங்கள் நலமாக இருப்பார். பிறகு அறிகுறி தோன்றும். அக்காலத்தில் இருவரும் கண்ணீர் வடிய, கைகோத்தபடி விடுதியை நோக்கி வயல்வழியே நடந்து செல்வதைக் கண்டவர்கள் உண்டு. வெளியூர்ப் பயணங்களில் நோயாளியைக் கட்டுப்படுத்தும் அங்கி ஒன்றும் பெட்டியில் இருக்கும். பழைய கதை அக்கம்பக்கத்தில் பரவினால் வீடு மாற்றவும் நேரும்.

இத்தகைய வீட்டில் மகிழ்ச்சிக்கு இடமேது? லாம்ப் இடம் உண்டாக்கினார் என்பதே வியப்பு. அதற்காக அவர் வேலையை விடவில்லை, துறவும் கொள்ளவில்லை. கையிலிருந்த சிறு சம்பளம், அலுவலகம் விட்ட பின்னுள்ள மாலைப்பொழுது, இலண்டன் தெருக்கள் ஆகிய இவையே அவருடைய மூலதனம். வேர்ட்ஸ்வொர்த் தம் மலைநாட்டுக்கு அழைத்தபோது, கடைவிளக்குகளும் பழைய புத்தகக் கடைகளும் நாடகக் கொட்டகைகளும் நெரிசலும் நிறைந்த நகரமே தமக்கு ஆனந்தக் கண்ணீர் வரவழைப்பதாக மறுமொழி எழுதினார். ஆயினும் 1802இல் மேரியுடன் சென்று ஸ்கிடா மலையேறி மகிழ்ந்து வந்தவரும் அவரே.

1806ஆம் ஆண்டளவில் தொடங்கியவை புதன்கிழமைக் கூட்டங்கள். தாழ்ந்த கூரையுடைய அறைகள். சுவரில் ஹோகார்த்தின் படங்கள். மேசைமீது ஆறிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் 'போர்ட்டர்' என்னும் கருநிற மதுவும். விருந்தென்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் சீட்டாட்டம். மறுபக்கம் ஓயாத பேச்சு. ஹாஸ்லிட் வருவார், காட்வின் வருவார். ஊரிலிருந்தால் கோல்ரிட்ஜும் வேர்ட்ஸ்வொர்த்தும் வருவர். பேர்பெற்றோருக்கும் பெறாதோருக்கும் அங்கே வேறுபாடில்லை. தலைமை மேரி. எந்தக் கை தாயைக் கொன்றதோ அந்தக் கையாலேயே விருந்தினர் உணவு பெற்றனர். யாரும் முகம் சுளிக்கவில்லை. இவ்வரலாற்றில் என்னை மிகவும் உருக்கிய செய்தி இதுவே. வாரந்தோறும் ஒரு மாலையை இப்படி ஒதுக்கி வைத்தது தமக்காக மட்டுமன்று, தமக்கைக்காகவும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடன்பிறந்தார் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதியதே 1807இல் வெளிவந்த 'ஷேக்ஸ்பியர் கதைகள்'. துன்பியல் கதைகள் தம்பியுடையவை. இன்பியல் கதைகள் தமக்கையுடையவை. இருபதில் பதினான்கு மேரி எழுதியவை. தலைப்புப் பக்கத்திலோ தம்பியின் பெயர் மட்டுமே இருந்தது!

தோல்வியையும் அவர் வேடிக்கையாக்கினார். 1806 டிசம்பரில் டுரூரி லேன் அரங்கில் அவருடைய நகைச்சுவை நாடகம் மேடையேறியது. அவையோர் கூச்சலிட்டு வசைபாடினர். நாடக ஆசிரியரும் அவர்களோடு சேர்ந்து சீழ்க்கையடித்தாராம். 1819இல் நடிகை பேனி கெல்லியை மணக்க விரும்பிக் கடிதம் எழுதினார். அன்றே மறுப்பு வந்தது. அன்றே இவரும் மறுமொழி விடுத்தார்: நட்பு தொடரவேண்டும், கொட்டகைக்கு இலவச அனுமதிச் சில்லும் வேண்டும் என்று. அந்தச் சிரிப்பின் பின்னே இருந்த வலியை நாம் ஊகிக்கலாம்.

1817 டிசம்பர் 28ஆம் நாள் ஓவியர் ஹேடன் இல்ல விருந்தில் வேர்ட்ஸ்வொர்த்தும் கீட்சும் இருந்தனர். முத்திரைத்தீர்வை மேலதிகாரி ஒருவர் வந்து, மில்டன் பெரிய மேதையல்லவா என்று கவிஞரை வினவினார். கணப்பருகே அரைத் தூக்கத்திலிருந்த லாம்ப் எழுந்து, மெழுகுவத்தியும் கையுமாக, அந்த அதிகாரியின் மண்டை அமைப்பைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பிவிட்டார்! நண்பர்கள் அவரைப் பக்கத்து அறைக்கு இழுத்துச் செல்லவேண்டியதாயிற்று. மதுவும் அதில் ஒரு காரணம். குடி அவருடைய குறை. தாமும் அறிந்திருந்தார், விட முயன்றார், முடியவில்லை. புகைக்கும் அடிமையே.

1820 முதல் 'இலண்டன் மாகசீன்' இதழில் எலியா கட்டுரைகள் வந்தன. அவற்றுள் பழைய பீங்கான் பாத்திரங்களைப் பற்றியதை நண்பர்கள் தேடிப் படிக்கவேண்டும். அதில் பிரிட்ஜட் என்ற பெயரில் பேசுபவர் மேரியே. வறுமைக் காலத்தில் ஒரு பெரிய பழம்புத்தகத்தை வாங்குவதற்காக வாரக்கணக்கில் ஆலோசித்து, நைந்த சட்டையையே மேலும் சில வாரம் அணிந்து, சனிக்கிழமை இரவில் கடையைத் தட்டித் திறக்கச்செய்து வாங்கிவந்த மகிழ்ச்சி, கையில் காசு வந்தபின் இல்லாமற்போயிற்றே என்பது அவருடைய குறை. எலியா அதை மறுக்கவில்லை. ஆனால் முதுமைக்கு வசதி தேவை என்று மெல்லச் சொல்கிறார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு.

1825 மார்ச்சு 29ஆம் நாள், முப்பத்துமூன்று ஆண்டுப் பணிக்குப்பின், கம்பெனி அவருக்கு ஓய்வளித்தது. ஆண்டுக்கு 450 பவுன். அதில் தமக்கையின் பிற்காலப் பாதுகாப்புக்கென 9 பவுன் பிடித்தம். விடுதலை கிடைத்தவர் முதலில் திக்குமுக்காடினார். நாளெல்லாம் ஞாயிறானபின் ஞாயிற்றுக்கிழமையின் சுவை போயிற்று. என்ன செய்தார் தெரியுமா? பிரித்தானியக் காட்சிச்சாலை நூலகத்துக்குச் சென்று பழைய நாடகங்களைப் படிக்கத் தொடங்கினார். காலை பத்து முதல் மாலை நான்கு வரை, அலுவலகம் போவதுபோலவே! பின்னர் என்பீல்டு, எட்மண்டன் என ஊர்ப்புறம் குடிபெயர்ந்தார். மேரியின் நோய் அடிக்கடி வந்தது. வளர்ப்பு மகள் எம்மா 1833இல் மணமாகிச் சென்றாள். புதன்கிழமை நண்பர்கள் தொலைவிலிருந்தனர்.

1834 ஜூலையில் கோல்ரிட்ஜ் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் லாம்ப் நடந்து செல்கையில் இடறி விழ, முகத்தில் காயம் பட்டு நஞ்சாயிற்று. 27ஆம் நாள் உயிர் பிரிந்தது. மேரி மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1847 மே மாதத்தில், எட்மண்டன் கல்லறைத் தோட்டத்தில், தம்பியின் குழியிலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.