ராஜாஜியும் பட்டா இல்லாத மலையும்

தமிழக அரசியலில் 'பழமைவாதி' என்பது ஏறக்குறைய வசைச்சொல். ஆனால், அந்த அரசியலுக்கென்றே ஒரு கட்சியைத் தொடங்கி, அதை மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சியாக வளர்த்தவர் ஒரு தமிழர். அவர் மூதறிஞர் ராஜாஜி. பொருளாதாரம் கற்பித்தவன் என்கிற முறையிலும், நிலவுரிமைச் சிக்கல் இன்னும் தீராத கூடலூர்-பந்தலூர் பகுதியில், சேரங்கோட்டில் வாழ்பவன் என்கிற முறையிலும், அவரது நிலைப்பாடுகளை விருப்பு வெறுப்பின்றி எடைபோட விரும்புகிறேன்.

1878 டிசம்பர் 10 அன்று, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. சேலத்தில் வழக்குரைஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு சத்தியாகிரகப் பயணத்தை நடத்திச் சிறை சென்றார். அவரது பொருளாதாரப் பார்வையின் உண்மையான உருவம், 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானபோதுதான் வெளிப்பட்டது.

அரசின் கை நீளக் கூடாது என்று பிற்காலத்தில் போராடியவர், அன்று அரசின் கையைத் தயங்காமல் நீட்டினார். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அதனால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1938-இல் இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான ஒப்பந்தத்திலேயே தலையிட்டது. கோயில் நுழைவுக்கும் சட்டம் செய்தார். தடையற்ற சந்தையின் வழிபாட்டாளர் இப்படிச் செய்யமாட்டார். ஒழுக்கத்தைக் காப்பதும் நலிந்தவரைக் காப்பதும் அரசின் கடமை என்று கருதியவரின் செயல்கள் இவை. 1971-இல் மதுவிலக்கு விலக்கிக்கொள்ளப்பட்டபோதும் தம் 92-ஆவது வயதில் அதை எதிர்த்து நின்றார்.

1952-இல் மேலவைக்கு நியமிக்கப்பட்டு மீண்டும் முதல்வரானார். தேர்தலில் நிற்காமல் ஆட்சிக்கு வந்தார் என்கிற குறை அன்றே பேசப்பட்டது. அந்த ஆண்டிலேயே உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். பதுக்கலும் பற்றாக்குறையும் பெருகும் என்று பலர் அஞ்சினர். அந்த அச்சம் பொய்த்தது. தஞ்சைப் பண்ணையாட்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பாதுகாப்பளிக்கும் அவசரச் சட்டத்தையும் அதே ஆண்டில் பிறப்பித்தார்.

அவரது பெரும் சறுக்கல் 1953-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்வித் திட்டம். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது அது. குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். கொழுந்து பறிக்கும் தாயின் மகள் அந்த மீதி நேரத்தில் எதைக் கற்றிருப்பாள் என்பதைத் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே வாழும் எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். மரபு எல்லோரையும் ஒரே அளவில் காப்பதில்லை என்பதை ராஜாஜி காணத் தவறினார்.

1959-இல் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றதை எதிர்த்து, அதே ஆண்டில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 80. என்.ஜி. ரங்கா, மினு மசானி ஆகியோர் உடன் நின்றனர். உரிமம், அனுமதி, ஒதுக்கீடு ஆகியவற்றின் ஆட்சி ஊழலையே வளர்க்கும் என்பது கட்சியின் அடிப்படை வாதம். மக்களவையில் 1962-இல் 18 இடங்களையும் 1967-இல் 44 இடங்களையும் அக்கட்சி வென்றது.

அதே காலத்தில் அமெரிக்கப் பழமைவாதத்தின் முகமாக விளங்கியவர் செனட்டர் பேரி கோல்ட்வாட்டர். மைய அரசின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒருமித்தவர்கள். ஆனால், அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை எதிர்த்து 1963-இல் வாக்களித்தவர் கோல்ட்வாட்டர். அத்தகைய தடையை வேண்டி 1962-இல் வாஷிங்டன் சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்தவர் ராஜாஜி.

1964-இல் நிறைவேறிய 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை ராஜாஜி கடுமையாக எதிர்த்தார். சொத்துரிமை என்பது அதிகாரத்துக்கு எதிராகச் சிறு உழவனுக்கு உள்ள வேலி என்பது அவர் கருத்து. அத்திருத்தத்தின்படி அரசு கையகப்படுத்தக்கூடிய நிலவுடைமைகளில் சென்னை மாநிலத்தின் ஜன்ம உரிமைகளும் அடங்கின. எங்கள் மலையின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலங்களாக இருந்தவை இப்பகுதியின் மலைகள். அவற்றை ஒழிக்கும் கூடலூர் ஜன்ம நிலச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. அதன் ஒரு பகுதி செல்லாது என 1972-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். 1974-இல் அச்சட்டம் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கில், 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் புகுந்த சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2007-இல் தீர்ப்பளித்தது. ராஜாஜியின் வாதத்தில் ஒரு பாதி, எங்கள் மலையின் வழக்கில் வென்றது.

மறுபாதி தோற்றது. இங்கே நிலப்பத்திரம் இருந்தது கோவிலகத்திடம். குத்தகை இருந்தது பெருந்தோட்ட நிறுவனங்களிடம். எல்லோருக்கும் முன்பே இங்கு வாழ்ந்த பணியரிடமும் காட்டுநாயக்கரிடமும் எந்தத் தாளும் இல்லை. தலைமுறைகளாகப் பயிரிட்ட பலருக்கு இன்றும் பட்டா இல்லை. வேலியே கிடைக்காதவனை வேலி எப்படிக் காக்கும்?

ஆயினும், நிலத்தை அரசே வைத்துக்கொள்வது மட்டும் தீர்வாகிவிடாது. 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு அரசின் டான்டீ தோட்டங்கள் வாழ்வளித்தன. சந்தை அவர்களைத் தேடி வந்திருக்காது. ஆனால் வேலையும் வீடும் ஒரே கையில் இருப்பதால், ஓய்வு பெறும் நாளில் வீடும் கேள்விக்குறியாகிறது. அதிகாரம் ஒரே இடத்தில் குவிவது குறித்த ராஜாஜியின் எச்சரிக்கைக்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

ராஜாஜியை முழுதாக ஏற்கவும் வேண்டாம். முழுதாக ஒதுக்கவும் வேண்டாம். சொத்துரிமை புனிதமானது என்றால், அது இல்லாதவருக்கு முதலில் அதை வழங்க வேண்டும். உழுபவருக்குப் பட்டாவும், உழைத்து ஓய்ந்தவருக்குச் சொந்த வீடும் தருவது, அவரது கொள்கையில் விடுபட்ட பக்கத்தை எழுதி முடிப்பதாகும்.