பதின்மூன்று வீடுகளைக் கட்டிய புனிதர்



டிசம்பர் மாதம் வந்தாலே பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் ஒரு கலக்கம் தொற்றிக்கொள்கிறது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2023-ஆம் ஆண்டின் மிக்ஜாம் புயலும் டிசம்பரில்தான் வந்தன. ஆழிப்பேரலைக்குப் பின் கட்டித் தரப்பட்ட வீடுகளில் இன்று மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என ஒரே கூரையின்கீழ் பலர் நெருக்கியடித்து வாழ்வதைக் காண்கிறோம். முகத்துவாரம் மணலால் அடைபடும் காலங்களில், பாடு முறைப்படி தம் முறை வந்து வலை போட்டாலும் மீன் இல்லை, கடன்தான் மிஞ்சுகிறது.

இத்தகைய ஒரு வீட்டில் ஒருவருக்குக் காசநோயோ மனநோயோ வந்துவிட்டால் என்ன ஆகிறது? அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் திரும்பி வருபவருக்குப் படுக்க இடமில்லை. முதலில் திண்ணை, பிறகு படகுத்துறை, கடைசியில் பேருந்து நிலையம். சில மாதங்களில் நோயும் திரும்பி வந்துவிடுகிறது. அப்படியானால் நோய் தீர்க்கச் செலவிடும் பொதுப்பணத்தின் ஒரு பங்கு, தலைசாய்க்க ஓர் இடம் தருவதற்கும் செல்ல வேண்டாமா?

இக்கேள்வியோடு நாம் ஒரு புனிதரின் வாழ்வைத் திரும்பிப் பார்ப்போம். நம் பங்குகள் பலவற்றில் ஏழைகளுக்கு உதவும் சபைக்குப் பெயர் தந்த புனித வின்சென்ட் தெ பவுல்தான் அவர்.

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில், பூய் என்னும் சிற்றூரில், 1581-ஆம் ஆண்டில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார் வின்சென்ட். சிறுவயதில் ஆடும் பன்றியும் மேய்த்தார். 1600-ஆம் ஆண்டில் குருவானார். தொடக்கத்தில் அவர் நாடியது நல்ல வருமானமுள்ள பதவியையே. அவரை மாற்றியது 1617-ஆம் ஆண்டு. ஷாத்தியோன் என்னும் ஊரில் ஒரு ஞாயிறன்று, வீட்டிலுள்ள அனைவருமே நோயுற்றுக் கிடந்த ஒரு குடும்பத்தைப் பற்றி அவருக்குச் சொல்லப்பட்டது. மறையுரையில் அதை எடுத்துரைத்தார். ஊரே உணவை அள்ளிக்கொண்டு ஓடியது. ஒரே நாளில் குவிந்த அந்த உணவு கெட்டுப்போகும், மறுநாள் அக்குடும்பம் மீண்டும் பசித்திருக்கும் என்பதை அவர் கண்டார். இரக்கம் மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும் என்று உணர்ந்து, முறைவைத்து நோயாளரைக் கவனிக்கும் பெண்கள் குழுவை அங்கேயே உருவாக்கினார். 1633-ல் புனித லூயிஸ் தெ மரில்லாக்குடன் இணைந்து பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கினார். மடத்தின் மதில்களுக்குள் அடைந்து கிடக்காமல், நோயாளரின் வீடு தேடிச் சென்ற அருட்சகோதரிகள் அவர்கள்.

அக்காலத்துப் பாரிஸ் நகரில் பச்சிளங் குழந்தைகள் தெருவில் விடப்பட்டனர். அவர்களைச் சேர்த்து வைத்த காப்பகத்தில் பெரும்பாலோர் இறந்தனர். சிலர் பிச்சைக்காரர்களுக்கு விற்கப்பட்டனர். 1638-ல் வின்சென்ட் அக்குழந்தைகளை ஏற்கத் தொடங்கினார். 1643-ல், மன்னர் பதின்மூன்றாம் லூயி அளித்த அறக்கொடையைக் கொண்டு, தம் தலைமை இல்லத்தின் அருகே பதின்மூன்று சிறு வீடுகளைக் கட்டினார். அரச கருவூலம்தான் அன்றைய பொதுப்பணம். அப்பணம் மருந்தாக மட்டும் அல்லாமல் கூரையாகவும், தாய்போல் கவனிக்கும் கைகளாகவும் மாறியது.

பின்னர் அரண்மனையின் தயவால் பிசேத்ர் என்னும் பெரிய மாளிகை கிடைத்தது. 1647-ல் குழந்தைகள் பலர் அங்கே மாற்றப்பட்டனர். அவ்விடம் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளில் பாரிசுக்கே திருப்பி அழைத்துவரப்பட்டனர். கட்டடம் பெரிதானால் வீடு ஆகிவிடாது என்பதற்கு இது சான்று.

1653-ல் முதியோர் நாற்பது பேருக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே அவரவரால் இயன்ற வேலையும் தரப்பட்டது. இதைக் கண்டவர்கள் நகரின் எல்லா ஏழைகளுக்கும் ஒரே பெரும் இல்லம் அமைக்க விரும்பினர். விரும்பி வருபவர் சிலரோடு சிறிதாகத் தொடங்கலாம் என்பது வின்சென்ட்டின் எண்ணம். ஆனால் 1656-ல் அரசாணை வேறுவிதமாக வந்தது. பிச்சையெடுப்பது தடைசெய்யப்பட்டது, வீடற்றோர் பிடித்துச் செல்லப்பட்டு அடைக்கப்பட்டனர். அந்த இல்லத்துக்கு ஆன்மகுருக்களாக அவருடைய சபையினரைக் கேட்டபோது அவர் ஏற்கவில்லை. 1660 செப்டம்பர் 27-ல் இறைவனடி சேர்ந்தார்.

அதே ஆண்டுகளில் நம் பழவேற்காட்டில் என்ன நடந்தது? 1640-களின் நடுவில் சோழமண்டலக் கரையைப் பஞ்சம் வாட்டியது. வீடுவாசலை விட்டு வந்த ஏழைகளை இங்கே கோட்டை கட்டியிருந்த டச்சு வணிகர்கள் அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். வீடற்றவரைச் சரக்காகப் பார்த்த கண்களும் இருந்தன. பிள்ளையாகப் பார்த்த கண்களும் இருந்தன. இன்று நம் கண்கள் எப்படிப் பார்க்கின்றன?

நம்பிக்கைக்கும் இடமுண்டு. காசநோயாளருக்கு ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மத்திய அரசு மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரில் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உணவும் மருந்தே என்று சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. தமிழ்நாட்டில், தெருவில் திரியும் மனநோயாளருக்காகச் சில அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் தேசிய நலவாழ்வுக் குழும நிதியில் அமைக்கப்பட்டன. குணமானவர்கள் அங்கிருந்து குடும்பத்தாரிடம் சேர்க்கப்படுகிறார்கள். திரும்பச் செல்ல வீடே இல்லாதவர்களுக்கு, 1993-ல் சென்னையில் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பு வேறொரு வழி கண்டது. சாதாரணத் தெருக்களில் வீடுகளை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேரை ஒரு குடும்பம்போல் வாழவைத்தது. அடைத்து வைக்கும் பெரிய மதில் அல்ல, தாமே திறந்து மூடும் ஒரு கதவு! வின்சென்ட்டின் பதின்மூன்று வீடுகளை நினைவூட்டும் முயற்சி இது. அவர் வழிவந்த சபைகளும் 2018-ல் ‘13 வீடுகள்’ என்னும் பெயரிலேயே வீடற்றோருக்கான உலகளாவிய இயக்கத்தைத் தொடங்கின.

நிதி குறைவு, மருந்துக்கே போதவில்லை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் படுக்க இடமின்றி ஒரே நோயாளி மூன்று முறை மருத்துவமனைக்குத் திரும்பினால், அந்தச் செலவும் அதே நிதியிலிருந்துதானே செல்கிறது?

ஆகவே, நம் குப்பத்தில் ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு, இன்றிரவு எங்கே படுப்பீர்கள் என்றும் கேட்போம். இடமில்லை என்றால் அவர் பெயரைப் பங்கின் வின்சென்ட் தெ பவுல் சபையினரிடமும், கிராம சபையிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடுத்துச் சொல்வோம். ஷாத்தியோன் மக்களைப்போல ஒருநாள் உணவை அள்ளிக்கொண்டு ஓடுவதோடு நின்றுவிடாமல், முறைவைத்து மறுநாளும் செல்வோம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.