எடோகவா ரன்போ

எடோகவா ரன்போ (அக்டோபர் 21, 1894 - ஜூலை 28, 1965) ஜப்பானிய எழுத்தாளரும் திறனாய்வாளரும் ஆவார். ஜப்பானிய மொழியில் நவீன துப்பறியும் கதை வேரூன்றுவதற்குக் காரணமானவர்களுள் முதன்மையானவர். இவரது இயற்பெயர் ஹிராய் தாரோ.

இளமை

மியே மாநிலத்தில் உள்ள நபாரி என்னும் ஊரில் பிறந்து, நகோயா நகரில் வளர்ந்தார். சிறுவயதில் குரோய்வா ருய்கோ தழுவி எழுதிய மேலைநாட்டு மர்மக் கதைகளை விரும்பிப் படித்தார். டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று 1916இல் பட்டம் பெற்றார். எட்கர் ஆலன் போ, ஆர்தர் கோனன் டாயில் ஆகியோரின் கதைகளை மாணவப் பருவத்திலேயே ஆங்கிலத்தில் படித்தார். பின்னர் கப்பல் கட்டும் தளப் பணி, நூடுல்ஸ் விற்பனை எனப் பல தொழில்களைச் செய்தார். 1919இல் உடன்பிறந்தாருடன் சேர்ந்து டோக்கியோவின் தங்கோசாகா பகுதியில் பழைய புத்தகக்கடை ஒன்றையும் நடத்தினார்.

புனைபெயர்

எடோகவா ரன்போ என்பதை விரைந்து ஒலித்தால் எட்கர் ஆலன் போ என்பது போலக் கேட்கும். இப்பெயரை எழுதும் சித்திர எழுத்துகளுக்குத் தனிப்பொருளும் உண்டு. எடோகவா என்பது எடோ ஆறு. ரன்போ என்பது ஒழுங்கற்ற நடை.

எழுத்துப் பணி

இவரது முதல் கதையான "இரண்டு சென் செப்புக்காசு" 1923இல் ஷின் செய்னென் இதழில் வெளியானது. இக்கதையின் மறையெழுத்து ஜப்பானிய மொழிக்கே உரியது. அமிதாப புத்தரைப் போற்றும் ஆறெழுத்து மந்திரத்தின் ஒவ்வோர் எழுத்தும் பிரெயில் முறையின் ஆறு புள்ளிகளில் ஒன்றைக் குறிக்கும். மேலைநாட்டுக் கதைகளைத் தழுவாமலே இவ்வகை எழுத்து இயலும் என்பதை இது காட்டியது. 1925இல் வெளியான கதையொன்றில் இவரது புகழ்பெற்ற துப்பறிவாளர் அகெச்சி கொகோரோ அறிமுகமானார்.

1936இல் சிறுவர் இதழொன்றில் "இருபது முகம் கொண்ட விந்தை மனிதன்" தொடராக வந்தது. ரன்போ முதலில் "விந்தைத் திருடன்" என்றே பெயரிட எண்ணியிருந்தார். சிறுவர் இதழில் திருட்டைக் குறிக்கும் எழுத்து ஏற்கப்படாததால் அச்சொல் மாற்றப்பட்டது.

தணிக்கை

போரில் கைகால்களை இழந்து திரும்பும் வீரனையும் அவன் மனைவியையும் பற்றியது "கம்பளிப்புழு" (1929). சீனாவுடன் போர் நடந்துகொண்டிருந்த 1939இல், மறுபதிப்பாக வரவிருந்த தொகுப்பிலிருந்து இக்கதையை நீக்குமாறு தணிக்கையாளர்கள் ஆணையிட்டனர். போர்க்காலத்தில் துப்பறியும் கதை எழுதும் வாய்ப்பு அருகியது. வேறொரு பெயரில் இளையோருக்கான அறிவியல் கதைகளை இவர் எழுதினார்.

சொல் மாற்றம்

துப்பறியும் கதைக்கு ஜப்பானிய மொழியில் "தன்தெய் ஷோசெத்சு" என்று பெயர். 1946இல் அரசு அன்றாடப் பயன்பாட்டுக்கு 1850 சித்திர எழுத்துகளைக் கொண்ட பட்டியலை வெளியிட்டது. "தெய்" என்னும் எழுத்து அப்பட்டியலில் இடம்பெறவில்லை. இதனால் அச்சில் அச்சொல்லை முழுமையாக எழுத இயலாத நிலை உண்டானது. அனுமானக் கதை எனப் பொருள்படும் "சுயிரி ஷோசெத்சு" என்னும் சொல் அதன் இடத்தைப் பெற்றது. 1947இல் ரன்போ தொடங்கிய துப்பறியும் எழுத்தாளர் மன்றமும் 1963இல் பெயரில் இருந்த "தன்தெய்" நீங்கி, ஜப்பான் சுயிரி எழுத்தாளர் சங்கம் ஆயிற்று. விடுபட்ட எழுத்து 1981ஆம் ஆண்டுப் பட்டியலில்தான் சேர்க்கப்பட்டது.

மொழிபெயர்ப்பு

1956இல் இவரது ஒன்பது கதைகள் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. மொழிபெயர்ப்பாளர் ஜேம்ஸ் ஹாரிசுக்கு ஜப்பானிய மொழியைப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. ரன்போவுக்கு ஆங்கிலம் படித்தால் புரியும். எழுதவோ பேசவோ வராது. எனவே இருவரும் ஐந்து ஆண்டுகள் வாரம் ஒருமுறை சந்தித்தனர். ரன்போ ஒவ்வொரு வரியையும் பலமுறை வாசித்துச் சொற்களின் நுண்பொருளை விளக்குவார். அவர் நிறைவுறும்வரை ஹாரிஸ் ஆங்கில வரியைத் திருத்தித் தட்டச்சு செய்வார்.

இறுதிக்காலம்

1954இல் தம் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டி மன்றத்துக்குப் பத்து லட்சம் யென் வழங்கினார். அதைக் கொண்டு எடோகவா ரன்போ பரிசு நிறுவப்பட்டது. பிற்காலத்தில் நடுக்குவாத நோயால் துன்புற்ற ரன்போ, 1965இல் டோக்கியோவில் மூளைக் குருதிப்பெருக்கால் காலமானார். இக்கெபுக்குரோவில் அவர் வாழ்ந்த வீடும் நூல்களைச் சேர்த்துவைத்திருந்த களஞ்சிய அறையும் 2002இல் ரிக்கியோ பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தன.