இடிதாங்கி தந்த அச்சுக்காரர்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளம் ஒடித்தவர்களுக்கு ஐப்பசி மாதத்து இடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சிறுவயதில் இடி முழங்கினால் அர்ச்சுனன் பெயரைச் சொல்லிக்கொண்டே வரப்போரத்து வேப்பமரத்தடிக்கு ஓடுவோம். அது எத்தகைய பேதைமை என்பதைக் கல்லூரிக்கு வந்து பெஞ்சமின் பிராங்க்ளினின் வரலாற்றைப் படித்த பின்னரே உணர்ந்தேன்.

பிராங்க்ளின் 1706 ஜனவரி 17-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவர். பதினேழு பிள்ளைகளில் இவர் பதினைந்தாமவர். பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டுகள். பன்னிரண்டு வயதில் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். பதினேழாம் வயதில் அவரோடு பிணங்கிப் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். அங்கே அச்சகம், செய்தித்தாள், பஞ்சாங்கம் என்று தொழில் பெருகிற்று. 1748-இல், போதிய பொருள் சேர்ந்ததும் தொழிலைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு மின்சார ஆய்வில் முழுமையாக இறங்கினார்.

கண்ணாடிக் குழாயைத் தேய்த்தால் எழும் பொறியும் வானத்து மின்னலும் ஒன்றே என்பது அவர் துணிபு. உயரத்தில் கூரிய இரும்புக் கம்பியை நட்டு இதைச் சோதிக்கலாம் என்று லண்டன் நண்பருக்கு எழுதினார். 1752 மே 10-இல் பிரான்சின் மார்லி என்னும் ஊரில் அச்சோதனை வென்றது. அடுத்த மாதமே அவர் பட்டம் விட்ட கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அந்தப் பட்டத்தை மின்னல் தாக்கவில்லை; மேகத்தின் மின்சாரம் நனைந்த நூல்வழி இறங்கிச் சாவியில் பொறி தந்தது, அவ்வளவே. மின்னலே தாக்கியிருந்தால் அவர் கதை அன்றே முடிந்திருக்கும். 1753-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மன் என்ற பேராசிரியர், தரையோடு இணைக்கப்படாத கம்பியின் அருகே நின்று ஆய்ந்தபோது மாண்டார்.

தரையோடு இணைப்பதில்தான் இடிதாங்கியின் உயிர் இருக்கிறது. கூரைமேல் கூரிய கம்பி; அதன் அடிமுனை ஈரமண்ணுக்குள். 1753-க்கான தம் பஞ்சாங்கத்திலேயே செய்முறையை வெளியிட்டார் பிராங்க்ளின், காப்புரிமை பெறவில்லை. நம் பக்கத்தில் கோபுரக் கலசமே இடிதாங்கி என்று பெருமை பேசுவோர் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. மண்வரை உலோகப் பாதை இல்லாத கலசம் மின்னலை வாங்கிக் கல்லைத்தான் பிளக்கும்.

பின்னாளில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களில் அவரும் ஒருவர். அடிமைகளை வைத்திருந்தவரே முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 ஏப்ரல் 17-இல் மறைந்தார்.

அவர் தந்த கம்பி கட்டடத்தைக் காக்கும். வெட்டவெளியில் களை வெட்டுபவரையோ ஆடு மேய்ப்பவரையோ எது காக்கும்? அங்கே உயர்ந்து நிற்கும் மனிதனே கம்பி! மரத்தடி அதனினும் கொடிது. மரத்தில் இறங்கும் மின்சாரம் அருகில் நிற்பவர்மேல் தாவும். நிலத்தில் பரவிக் கால்வழியே ஏறும். மந்தை மந்தையாக ஆடுகள் மடிவது இதனாலேயே. 2022-இல் மட்டும் இந்தியாவில் 2,887 பேர் மின்னலுக்குப் பலியாயினர். இடியோசை கேட்டவுடன் நல்ல கட்டடத்துக்கோ மூடிய பேருந்துக்கோ போய்விட வேண்டும். கடைசி இடி ஓய்ந்து அரைமணி நேரம் கழித்தே வெளிவர வேண்டும். தாக்குண்டவரைத் தொட்டால் நம்மீதும் பாயும் என்று விலகி நிற்பது வீண் அச்சம். உடலில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டும்.

சென்ற ஐப்பசியில் வானம் இருண்டதும் என் அம்மா பழைய வழக்கப்படி வேப்பமரத்தை நோக்கி நடந்தார். நான் கையைப் பிடித்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துச் சென்றேன். ஒடித்த கதிரெல்லாம் நனைந்துவிட்டதென்று வழிநெடுக ஏசிக்கொண்டே வந்தார்.