எமில் ஃபிஷரும் மன்னோஸ் சர்க்கரையும்

மன்னோஸ் என்னும் சர்க்கரைத் தூளை உட்கொண்டால் இரத்த நாளங்களுக்கு நன்மை உண்டா என்று நீங்கள் கேட்கக்கூடும். இதைப் புரிந்துகொள்ள, ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷரின் வாழ்க்கையிலிருந்து தொடங்குவது நலம்.

1852-ஆம் ஆண்டு வணிகக் குடும்பத்தில் பிறந்த ஃபிஷரைத் தந்தை முதலில் வணிகத்தில் ஈடுபடுத்தினார். அது அவருக்கு ஒத்துவரவில்லை. வேதியியல் பயின்று 1874-இல் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே ஃபினைல்ஹைட்ரசீன் என்னும் சேர்மத்தைக் கண்டறிந்தார். எளிதில் படிகமாகாமல் பாகாகவே நின்ற சர்க்கரைகள், இச்சேர்மத்துடன் வினைபுரிந்து மஞ்சள் நிறப் படிகங்களைத் தந்தன. சர்க்கரைகளை இனங்காண வழி பிறந்தது. அதே சேர்மத்தின் நச்சுத்தன்மை அவரது உடல்நலத்தை நெடுங்காலம் வருத்தியது.

குளுக்கோஸும் மன்னோஸும் ஒரே வகைப் படிகத்தையே தந்தன. இரண்டாம் கார்பனில் உள்ள ஒரு தொகுதி எப்பக்கம் அமைந்திருக்கிறது என்பது மட்டுமே இரண்டுக்கும் வேறுபாடு. சர்க்கரையும் நொதியும் சாவியும் பூட்டும் போலப் பொருந்த வேண்டும் என்று 1894-இல் அவர் விளக்கினார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். முதல் உலகப் போர்க்காலத்தில் மூன்று மகன்களில் இருவரை இழந்த அவர், 1919-இல் பெர்லினில் காலமானார்.

அந்தச் சிறு வேறுபாடு உங்கள் உடலிலும் செயல்படுகிறது. இரத்த நாளங்களின் உட்சுவர் உயிரணுக்கள், ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தை ஒட்டியே இருந்தும், ஆற்றலின் பெரும்பகுதியைக் குளுக்கோஸை ஆக்சிஜனின்றிச் சிதைத்தே பெறுகின்றன. மன்னோஸ் குளுக்கோஸின் வாயில் வழியாகவே உயிரணுவினுள் நுழைகிறது. பின்னர் அதை மாற்றியமைக்கத் தனி நொதி வேண்டும். அந்நொதி போதாதபோது மன்னோஸ் பாஸ்பேட் தேங்கி, குளுக்கோஸ் சிதைவு மந்தமாகும். தேனீக்களில் அந்நொதி மிகக் குறைவாதலால் மன்னோஸ் அவற்றுக்கு நஞ்சு! மனிதரிடம் அந்நொதி உண்டு. எனினும் அதன் அளவு எல்லா உயிரணுக்களிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே, ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்த உயிரணுக்களில் கண்ட விளைவை நோயாளிக்கு அப்படியே பொருத்துதல் சரியன்று.

அந்நொதி பிறவியிலேயே குறைந்த அரிய நோயில், மருத்துவக் கண்காணிப்புடன் மன்னோஸே மருந்தாகத் தரப்படுகிறது. ஆனால் இரத்த நாளங்களைக் காக்கும் மருந்தாக அது ஏற்கப்படவில்லை. சிறுநீர்த் தொற்றைத் தடுக்கும் என்று விற்கப்பட்டாலும், 2024-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், தொற்று அடிக்கடி வரும் பெண்கள் ஆறு மாதம் உட்கொண்டும் பயன் தெரியவில்லை.

நீங்களோ உங்கள் பராமரிப்பில் உள்ளவரோ இத்தூளை உட்கொண்டால், புட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை இதற்காக நிறுத்த வேண்டாம்.